புழுதியும் பொன்னும்

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த எமக்கு, இளமையில் இத்தாலியக் குதிரைவீரர் படங்கள்மீது தீராத மையல் இருந்தது. அவை குறை மலிந்தவை என்பதை அன்றே அறிவோம். அமெரிக்கக் கதையை ஸ்பெயினின் வறண்ட நிலத்தில் சிக்கனமாக எடுத்தனர். பன்னாட்டு நடிகர் தத்தம் மொழியில் பேச, குரலைப் பின்னர் சேர்த்தனர். உதடு ஒன்று சொல்லும், ஒலி வேறொன்று சொல்லும். ஜெய்சங்கரைக் குதிரையேற்றிக் கர்ணன் இயக்கிய ‘கங்கா’வும் (1972) இக்குடும்பத்ததே. தமிழ் ஊருக்குள் அத்தொப்பி எங்ஙனம் வந்தது என்று எவரும் கேட்டிலர்!

இருப்பினும் அப்புழுதி எமக்கு அந்நியமன்று. கொட்டகையை விட்டு வெளிவந்தால், எதிரே சயனைடு மண்மேடு. வீட்டில் தமிழும் வெளியே கன்னடமும் பேசிய எமக்கு, உதடும் ஒலியும் பொருந்தாமை பெருங்குற்றமாகப் படவில்லை.

ஒன்றே உறுத்தியது. நாம் கண்ட படங்களில் தங்கத்துக்காகச் சுடுவோர் பலர்; அதை வெட்டியெடுப்போர் இலர். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கிய எம் தந்தையர் தலைமுறையை அங்கே காணோம். ஆயினும் செர்ஜியோ லியோனியின் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ (1966) படமுடிவில், பொன் மூட்டைகள் பெயரறியாதவன் கல்லறையில் கிடைக்கின்றன. பாறைவெடிப்பில் மாண்டோர் வீடுகளுக்கு நடுவே வளர்ந்த எமக்கு அது வெறுங்கதையன்று.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. பொன் போயிற்று, மேடு நின்றது. ஊர்விட்டு வாழும் அன்பர்காள்! பிள்ளைகளுடன் அப்படத்தைக் காண நேர்ந்தால், அக்கல்லறைக் காட்சியில் சற்றே நிறுத்தி, அவர்தம் பாட்டனாரின் பெயரைச் சொல்லுங்கள்.