போஸ் என்றொரு பெயர்

என்னைப் பள்ளியில் சேர்த்த நாளில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியை என் தந்தையார் தம் இறுதிக் காலம் வரையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆண்டு 1966. பதிவேட்டைத் திறந்து வைத்திருந்த ஆசிரியர் வங்காளத்தவர்.

"பையன் பெயர் என்ன?" என்று இந்தியில் கேட்டார்.

"போஸ்."

"அது குடும்பப் பெயராயிற்றே. பையனின் பெயரைச் சொல்லுங்கள்."

"பையனின் பெயர்தான் போஸ்."

"அப்படியானால் குடும்பப் பெயர்?"

"அப்படி ஒன்று எங்களுக்குக் கிடையாது."

ஆசிரியர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, வேட்டி கட்டி நின்ற தந்தையாரையும் அவர் விரலைப் பற்றி நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்தாராம். பிறகு, தம் தாயார் பிறந்த குடும்பமும் போஸ் குடும்பமே என்றும், அம்முறையில் நான் அவருக்கு மாமன் முறை ஆக வேண்டும் என்றும் சொல்லி நகைத்துக்கொண்டே எழுதினாராம். சௌல்தாரியில் அன்று முதல் நான் வங்காளிகளுக்குத் தமிழ்ப் போஸ். தமிழர்களுக்கு வெறும் போசு.

தமிழ்நாட்டிலேயே வாழ்வோருக்கு இதில் வியப்பு ஒன்றும் தோன்றாது. மதுரையிலும் அதற்குத் தெற்கிலும் தெருவுக்கு ஒரு போஸ் இருந்த காலம் உண்டு. மதுரை வடக்கிலும் பின்னர்த் திருப்பரங்குன்றத்திலும் சட்டமன்ற உறுப்பினராய் இருந்து 2018-இல் மறைந்த ஏ. கே. போஸ் அவர்களின் பெயரைக் கேட்டு, 'இவர் வங்காளியா?' என்று அங்கே யாரும் வினவியிருக்க மாட்டார்கள். திரையிசையமைப்பாளர் சந்திரபோஸ் அவர்களையும் அவ்வாறே தமிழுலகம் தன்னவராகவே அறிந்திருந்தது. ஆயினும், பல மொழியினரும் அண்டை வீட்டாராய் வாழும் எங்கள் தீவில்தான் இப்பெயரின் அருமை விளங்குகிறது. இந்தியாவின் பெரும்பகுதியில் போஸ் என்பது ஒருவரின் பெயரன்று. பெயருக்குப் பின்னே வரும் குலப்பெயர். அதனை முன்னே கொணர்ந்து, பிள்ளையைத் தொட்டிலில் இட்டு அழைக்கும் இயற்பெயராக்கியது நம் தென்னாட்டு வழக்கம்.

காரணம் எளிது. நம்மவர்க்குப் பெயர் ஒன்றே. தந்தையின் பெயர் முதலெழுத்தாய் முன்னே நிற்கும். பெரியோர் ஒருவரைப் போற்ற விரும்பினால், உலகம் அவரை எந்தச் சொல்லால் அழைக்கிறதோ அந்தச் சொல்லையே பிள்ளைக்கு இட்டுவிடுவோம். அது அவருடைய இயற்பெயரா, குலப்பெயரா, புனைபெயரா என்று ஆராய்வதில்லை. காந்தியும் நேருவும் தாகூரும் இவ்வாறு வந்தவர்கள். லெனினும் ஸ்டாலினும் கடல் கடந்து வந்தவர்கள். அவ்விரண்டும் அப்புரட்சியாளர்கள் தாமே சூட்டிக்கொண்ட புனைபெயர்கள் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

போஸ் என்பதன் வேரைத் தேடினால், அது 'வசு' என்னும் வடசொல்லில் சென்று முடிகிறது. வங்காளிகளின் நாவில் வகரம் பகரமாகும். வசு 'பொசு' ஆயிற்று. ஆங்கிலேயர் அதனைத் தம் எழுத்தில் எழுதியபோது பாசு என்றும் போஸ் என்றும் இரு வடிவங்கள் நிலைத்தன. வசுக்கள் எண்மர் என்பதும், கங்கையின் மைந்தனாய்ப் பிறந்த பீஷ்மர் அவருள் ஒருவர் என்பதும் பாரதம் கேட்டவர் அறிந்தவை. ஆங்கிலம் வெட்டிய உகரத்தை மீண்டும் ஒட்டவைத்து என் பாட்டியார் 'போசு' என்று அழைத்தபோது, எழுத்தறியாத அம்மூதாட்டி பழைய வடிவத்துக்கு அருகே போய்விட்டார்! இயற்பியலில் ஒருவகை நுண்துகளுக்குப் போசான் என்று பெயர் வைத்ததும் சத்தியேந்திரநாத் போஸ் என்னும் வங்க அறிஞரைப் போற்றியே. ஆனால் எங்கள் குடும்பத்துக்கு இப்பெயர் அறிவியல் வழியாய் வரவில்லை; போர் வழியாய் வந்தது.

1939-ஆம் ஆண்டு, காங்கிரசின் தலைமையைத் துறந்து பார்வர்டு பிளாக்கைத் தோற்றுவித்த சுபாஷ் சந்திர போஸ் மதுரைக்கு வந்தார். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் அவரை வரவேற்றார். தெற்குச் சீமையில் அவ்வியக்கம் தேவரால் வேரூன்றியது. பின்னர், 1943-இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையைப் போஸ் ஏற்றபோது, மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர் பல்லாயிரவர் அவர் அழைப்புக்குச் செவிசாய்த்தனர். அவருள் ஒருவர் என் பெரியப்பா.

முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிழைப்புக்காகக் கப்பலேறியவர் அவர். படையில் சேர்ந்தார் என்ற செய்தி ஊருக்குத் திரும்பிய தோட்டத்துக்காரர் ஒருவர் வாயிலாய் வந்தது. அதற்குப் பின் கடிதமுமில்லை, செய்தியுமில்லை. 1945 ஆகஸ்டு 18-இல் தைபேயில் விமான விபத்தில் போஸ் இறந்தார் என்பதைத் தேவர் ஏற்கவில்லை. அவர் உயிருடன் இருக்கிறார் என்று மேடைகளில் சொல்லி வந்தார். என் பாட்டியாருக்கு அந்தச் சொல் போதுமானதாயிருந்தது. தலைவர் திரும்பினால் உடன் சென்றவனும் திரும்புவான் அல்லவா!

1953-இல் அந்தமானுக்கு மரம் வெட்டும் வேலைக்கு வந்த என் தந்தையார், 1960-இல் நான் பிறந்தபோது தம் அண்ணன் பெயரை எனக்கு இட விரும்பி ஊருக்குக் கடிதம் எழுதினார். பாட்டியார் மறுத்துவிட்டார். காணாமற்போன மகனின் பெயரைக் குழந்தைக்கு இட்டால், அவன் இறந்தான் என்று ஒப்புக்கொண்டதாகும் என்பது அவர் எண்ணம். "அவன் பேரு அவனுக்கு வேணும். இவனுக்குத் தலைவர் பேர வையி" என்று எழுதச் சொல்லியிருந்தார். ஆக, என் பெயர் ஒரு தலைவரைப் போற்றும் பெயர் மட்டுமன்று. ஒரு தாய் சொல்ல மறுத்த இன்னொரு பெயருக்கு ஈடாக நின்ற பெயருமாகும். நம் நாட்டில் போஸ் என்று அழைக்கப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் இவ்வாறு ஒரு காத்திருப்பைச் சுமந்தார்களோ!

இதனைப் பெருமையாகவே எண்ணி வளர்ந்தேன். அந்தமான் மண்ணில் அப்பெருமைக்குக் குறைவேது? 1943 டிசம்பர் 29-இல் போர்ட் பிளேயரில் வந்திறங்கி, மறுநாள் ஜிம்கானா திடலில் மூவண்ணக் கொடியை ஏற்றியவரின் பெயரல்லவா எனக்கு! அவர் இத்தீவுகளுக்கு ஆளுநராய் அமர்த்திய லோகநாதனும் ஆர்க்காட்டுத் தமிழர்.

ஆனால் சௌல்தாரியில் எங்கள் பாக்குத் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். நாற்பத்திரண்டுக்கு முன்பே இத்தீவில் வேர்கொண்ட குடும்பம் அவருடையது. என் திருமணத்தில் பந்தல் கால் நட்டவர். என் தந்தையார் மறைந்தபோது முதலில் தோள் கொடுத்தவர். அவர் ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "பேட்டா" என்பார். அன்பு மிகுதி என்றே நான் கருதியிருந்தேன்.

1997 ஜனவரியில், நேதாஜி பிறந்த நூற்றாண்டு விழாவில் பேசுமாறு நண்பர்கள் என்னை அழைத்தனர். பெயர்ப் பொருத்தமே தகுதி. விழாவுக்குப் பெரியவரையும் அழைக்கச் சென்றேன். அவர் நெடுநேரம் பாக்கு மரங்களைப் பார்த்தவாறு இருந்தார். பிறகு சொன்னார்.

1942 மார்ச்சு 23-இல் ஜப்பானியர் தீவைக் கைப்பற்றினர். உளவாளிகள் என்ற ஐயத்தின் பேரில் 1943 அக்டோபர் முதல் பலரைப் பிடித்துச் செல்லுலர் சிறையில் அடைத்து வதைத்தனர். அவருள் ஒருவர் இந்தப் பெரியவரின் தந்தை. டிசம்பர் 30 அன்று ஒன்பது வயதுச் சிறுவனாய் இவர் திடலில் கூட்டத்தோடு நின்று காகிதக் கொடியை ஆட்டியிருக்கிறார். அந்நேரம் தந்தை சிறையில். "நேதாஜி சிறையைப் பார்க்கப் போனார் என்றதும், அப்பாவைப் பார்ப்பார், விடுவிப்பார் என்று அம்மா நம்பினாள். ஜப்பானியர் காட்ட நினைத்ததையே காட்டினார்கள்" என்றார்.

அதன் பின் நிகழ்ந்தவை வரலாற்றில் உள்ளவை. பஞ்சாபிக் கவிஞரும் மருத்துவருமான திவான் சிங் 1944 ஜனவரி 14-இல் வதையினால் மாண்டார். கொடியேற்றம் நடந்து சரியாக ஒரு மாதம் கழித்து, ஜனவரி 30-இல், ஹம்ஃப்ரேகஞ்சில் நாற்பத்து நால்வரைச் சுட்டுக் குழியில் தள்ளினர். அவருள் மிகுதியானோர் போஸ் தலைமையேற்ற இந்திய சுதந்திரக் கழகத்தையே சேர்ந்தவர்கள்! ஆளுநர் லோகநாதனிடம் கல்வித்துறைக்கு மேல் ஜப்பானியர் எதையும் ஒப்படைக்கவில்லை. காவல்துறை அவர்கள் கையிலேயே இருந்தது.

பெரியவரின் தந்தை உயிரோடு மீண்டார். ஆனால் மண்வெட்டி பிடிக்க முடியாத கைகளோடு மீண்டார்.

"உன் பெயர்மேல் எனக்குக் கோபமில்லை, பேட்டா. அந்த மனிதரும் நாட்டுக்காகத்தான் வந்தார். ஆனால் அதைச் சொல்ல வாயெடுத்தால் என் தந்தையின் நகமில்லாத விரல்கள் முன்னே வந்து நிற்கின்றன. அவ்வளவுதான்."

விழாவில் நான் எழுதிவைத்திருந்ததை அப்படியே படித்தேன். பெரியவர் சொன்னதில் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. விழா மேடையில் அது பொருந்தாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கைதட்டல் மிகுதியாய்க் கிடைத்தது. அக்கைதட்டலை எண்ணி இன்றும் நாணுகிறேன்.

பெரியவர் 2011-இல் மறைந்தார். 2018-இல் ரோஸ் தீவு நேதாஜியின் பெயரைப் பெற்றது. ஹேவ்லக் சுவராஜ் ஆயிற்று, நீல் ஷகீத் ஆயிற்று. 2024-இல் போர்ட் பிளேயரே ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. ஊர்களுக்குப் பெயர் மாறிவர, பிள்ளைகளுக்குப் போஸ் என்று பெயரிடுவோர் அருகி வருகின்றனர். சுபாஷ் என்பது ஆங்காங்கே நிலைத்திருக்கிறது. போஸ் என்றால் இக்காலத்து இளைஞர் இசைப்பெட்டி ஒன்றைத்தான் நினைக்கிறார்கள்.

இந்நிலையில், சென்ற ஆண்டு சென்னையிலிருந்து என் மகன் தொலைபேசியில் அழைத்தான். "அப்பா, பையனுக்கு உங்க பேரையே வச்சிடலாமா?" என்றான். பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். மகிழ்ந்து உடனே இசைந்திருக்க வேண்டியவன், இரண்டு நாள் தவணை கேட்டேன்.

அந்த இரண்டு நாளும் பாட்டியாரும் பெரியவரும் மாறி மாறி என் முன் வந்தார்கள். ஒருவர் அப்பெயரைச் சொல்லி ஒரு மகனை உயிரோடு வைத்திருந்தார். மற்றவர் அப்பெயரைச் சொல்லாமல் ஒரு தந்தையின் துன்பத்தை மதித்திருந்தார். இருவருள் எவரும் பொய் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மகனை அழைத்து, பெரியவர் சொன்னதை முதன்முறையாய் அவனிடம் முழுவதும் சொன்னேன். "பெயரை வை. ஆனால் பத்து வயதில் அவனை இங்கே அழைத்து வா. முதலில் கொடியேறிய இடத்தைக் காட்டுவோம்; அன்றைக்கே ஹம்ஃப்ரேகஞ்சு நினைவிடத்துக்கும் அழைத்துப் போவோம். நான் இல்லையென்றால் நீ காட்டு" என்றேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சரி அப்பா" என்றான்.

சென்ற மாதம் பிறப்புச் சான்றிதழின் படி வந்தது. பெயர் என்ற இடத்தில் போஸ் என்றிருந்தது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார்கள்.