ஆறு ஓய்வெடுக்கும் நான்கு திங்கள்

ஐப்பசி பாதி கடந்ததும் தலைநகரத்துத் தமிழ் இல்லங்களில் கம்பளி உடைகள் பெட்டியினின்று வெளியே வரும். எங்கள் இல்லத்தில் அதே வாரத்தில் வேறொன்று பெட்டிக்குள் செல்லும். அது எங்கள் மூத்த தமையனாரின் தூண்டிற்கோல். இமாசலப் பிரதேசத்தில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதி வரை டிரௌட் மீன் பிடிக்கத் தடை உண்டு. ஆண்டுதோறும் குலு மாவட்டத்துத் தீர்த்தன் ஆற்றங்கரைக்குச் சென்று வரும் எங்களுக்கு, அந்நான்கு திங்களும் துடைத்து வைப்பதற்கும் காத்திருப்பதற்கும் உரியவை.

தடைக்குக் காரணம் தெளிவானது. பழுப்பு டிரௌட் முட்டையிடுவது குளிர்காலத்தில். பெண்மீன் தன் வாலால் கூழாங்கற்களை விலக்கிக் குழி பறித்து, முட்டையிட்டு, மீண்டும் கற்களால் மூடுகிறது. அவ்வேளை ஆற்றில் இறங்கும் மனிதக் கால் அம்முட்டைகளை நசுக்கிவிடக்கூடும். இம்மீனும் நம்மைப் போல் வந்து குடியேறியதே. 1900-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலிருந்து முட்டைகளாகக் காஷ்மீரம் வந்து சேர்ந்தது. 1909-இல் குலுப் பள்ளத்தாக்கில் கட்ராயினை அடுத்த மஹிலியில் இதற்கென ஒரு பொரிப்பகம் எழுந்தது. வந்த இடத்தில் வேர்கொள்ள எவ்வுயிர்க்கும் சிறிது அமைதி வேண்டும் என்பதை இந்நான்கு திங்கள் எங்களுக்கு உணர்த்துகின்றன.

இத்தூண்டிலில் புழு கோப்பதில்லை. இறகும் மயிரும் கொண்டு முள்ளில் கட்டிய செயற்கை ஈயை நீர்மேல் வீசுவர். ஆகலின் கருவிகள் யாவும் மென்மையானவை. ஒன்பது அடிக் கோலை நான்கு துண்டுகளாகக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, கைப்பிடித் தக்கையை இளஞ்சோப்பு நீரால் கழுவி, நிழலில் உலர்த்துகிறோம். துளி ஈரத்தோடு குழாயில் இட்டாலும் மேற்பூச்சு கொப்புளிக்கும். இணைப்பு முனைகளில் மெழுகுவர்த்தியை இலேசாகத் தேய்க்கிறோம். ரீலைப் பிரித்து மணலகற்றி, அச்சில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டு, இறுக்கத்தைத் தளர்த்தி வைக்கிறோம். பிளாஸ்டிக் பூசிய கயிற்றைச் சோப்பு நீரில் அலசி, அகன்ற வளையங்களாகச் சுற்றுகிறோம். சிறு வளையமாகக் கிடந்தால் அச்சுருளே அதன் இயல்பாகிவிடும். முனையிலுள்ள நைலான் இழையை வெட்டி எறிகிறோம். வெயில் பட்டுப் பட்டு அது வலுவிழந்திருக்கும்.

ஈக்களின் பெட்டிக்குப் பகை இரண்டு. ஈரம் முள்ளைத் துருவாக்கும்; அந்துப்பூச்சியின் புழு இறகைத் தின்னும். ஆகவே நன்கு காயவிட்டு, அந்துருண்டையைத் துணியில் முடிந்து, கயிற்றின்மேல் படாமல் அருகில் வைக்கிறோம். நசுங்கிய இறகு, கொதிக்கும் நீரின் ஆவியில் காட்டினால் மீண்டும் விரியும். இவ்வீக்களில் மயிற்பீலியின் இழை உண்டு. மேலைநாட்டார் ஒருகாலத்தில் நம் தென்மலைகளின் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் கழுத்திறகையும் பெரிதும் விரும்பிக் கட்டினர். இன்று 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்பறவையைக் காக்கிறது.

இவ்வளவு பணியையும் தமையனாரே செய்து வந்தார். ஈராண்டுகளாக அவர் முழங்கால் குளிர்நீரில் நிற்க இடந்தரவில்லை. உறவினர் ஒருவர், "இனி இது எதற்கு? யாருக்கேனும் கொடுத்துவிடலாமே!" என்றார். தமையனார் மறுமொழி கூறவில்லை. எண்ணெய்ப் புட்டியை எடுத்து ரீலைப் பிரித்தார். அருகில் அமர்ந்து பார்த்திருந்த எங்கள் மகள், "பெரியப்பா, மார்ச்சு மாதம் நீங்கள் கரையில் அமர்ந்து சொல்லுங்கள், நான் வீசுகிறேன்" என்றாள். அவர் துணியை அவள் கையில் கொடுத்து, "முனைத் துண்டை அழுத்தாமல் துடை, அம்மா" என்றார். இவ்வாண்டு கோலை உறையிலிட்டவள் அவள்தான்.

மீண்டும் பயன்படும் என்ற உறுதியுள்ளோரே ஒரு பொருளை இவ்வளவு பரிவோடு எடுத்து வைப்பர். ஊரை விட்டு வந்த நம் இல்லங்கள் இதனை நன்கறியும். பாட்டியின் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கித் துணி சுற்றிப் பரணில் ஏற்றாத குடும்பம் நம்முள் எது? எடுத்து வைத்ததை இறக்கித் துடைத்துப் பழக ஓர் இளைய கை இருக்குமாயின், வைத்த பொருளும் வாழும்; வைத்தவர் நெஞ்சும் ஆறும்.