இல்லம் புகுந்த திரைப்படம்

சென்ற கோடை விடுமுறைக்கு ஊர் சென்றபோது, துணிப்பெட்டியின் அடியில் இரண்டு சட்டைகளுக்கு இடையே பொதிந்து, ஒரு டிவிடி வட்டினைக் கொண்டு சென்றோம். அஃது எம்முடையதன்று; விடுதித் தோழர் ஒருவரின் தாய்மாமன் அயல்நாட்டில் வாங்கியது. ஒரு கீறலுமின்றித் திருப்பித் தருவதாக வாக்களித்த பின்னரே எம் கைக்கு வந்தது. அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்ச் 1977இல் வெளியிட்ட 'இரேசர்ஹெட்' என்னும் கறுப்பு வெள்ளைப் படம் அதில் இருந்தது.

இப்படம் உருவான வரலாறு படத்தினும் விந்தையானது என்பார் உளர். யாம் அவ்வளவு தூரம் செல்லோம். ஆயினும் அதனைச் சொல்லாது மேற்செல்ல மனம் வரவில்லை. அமெரிக்கத் திரைப்படக் கழகத்தில் மாணவராயிருந்த லிஞ்ச், அக்கழகம் அளித்த 10,000 டாலரைக் கொண்டு 1972இல் படப்பிடிப்பைத் தொடங்கினார். கழகம் அமைந்திருந்த பழைய மாளிகையின் குதிரை லாயங்களே அவருக்குக் களமாயின. பணம் தீர்ந்தது, வேலை நின்றது, மீண்டும் நடந்தது. அவர் இரவில் வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டுப் பொருளீட்டினார். கதைத்தலைவன் ஹென்றியாக நடித்த ஜாக் நான்ஸ், வானோக்கி நிமிர்ந்த அந்த விசித்திரத் தலைமுடியை ஆண்டுக்கணக்காகப் பேணி வந்தார். ஒரு காட்சியில் ஹென்றி கதவின் பிடியைத் திருகுகிறான்; அடுத்த நொடியில் உள்ளே நுழைகிறான். அவ்விரண்டுக்கும் இடையே ஒன்றரை ஆண்டு கழிந்ததென லிஞ்சே கூறியுள்ளார். ஒரு கட்டுரையை ஒன்றரை வாரம் தாழ்த்தியதற்கே ஆசிரியரிடம் ஆயிரம் சாக்குச் சொல்லும் எமக்கு இச்செய்தி நாணம் விளைத்தது.

படம் முடிந்த பின்னரும் அதனை ஏற்பார் அரியர். நியூயார்க்கில் பென் பேரன்ஹோல்ட்ஸ் என்பவர் 'சினிமா வில்லேஜ்' அரங்கில் நள்ளிரவுக் காட்சியாக அதனை வெளியிட்டபோது முதல் இரவில் வந்தவர் 25 பேரே. வந்தவர் பிறரை அழைத்து வந்தனர். லாஸ் ஏஞ்சலிஸின் 'நூவார்ட்' அரங்கிலோ அது நள்ளிரவுகளில் ஆண்டுக்கணக்காக ஓடியது. 2004இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம் பெற்றது.

இத்தகைய படம் வட்டாக வீடு வந்தபோது ரசிகர் மகிழ்ந்தனரா, வருந்தினரா? இரண்டும் உண்டு. 2000ஆம் ஆண்டையொட்டி லிஞ்ச் தம் இணையதளத்தின் வாயிலாகத் தாமே அதனை விற்றார். தூசியும் கீறலும் நீக்கிய படம், வழக்கத்தினும் பெரிய பெட்டியில் வந்தது. படம் பார்க்கப் புகுமுன் தொலைக்காட்சியின் ஒளியைச் சீர்செய்துகொள்ள ஓர் ஏற்பாடும் அவ்வட்டிலேயே உண்டு. தம் இருள் பிறர் வீட்டில் வெளுத்துப் போகலாகாதென்னும் கவலை போலும். 2014இல் கிரைட்டீரியன் நிறுவனம் புதிய பதிப்பை ப்ளூ-ரே வட்டாகவும் கொணர்ந்தது.

விடுதியில் ஐவர் சேர்ந்து அதனை முதலில் ஒரு மடிக்கணினியிற் பார்த்தோம். பட்டப்பகல், சன்னல் திறந்திருந்தது, ஒருவர் கடலை கொறித்துக்கொண்டிருந்தார். யாம் பெரிதும் நகைத்தோம் என்பதை ஒளிப்பானேன்? நகைத்து முடிந்தபின் வாதம் தொடங்கி இரவுணவு மணி அடிக்கும்வரை நடந்தது.

முகமறியாதவர் பலர் நள்ளிரவில் ஒருங்கே அஞ்சியதுதான் இப்படத்தின் உயிர்; அதனைப் படுக்கையறைக்குக் கொணர்வது கடலைச் செம்பில் மொள்வதாகும் என்றார் பௌதிக மாணவர். செம்பில் மொண்டதனால் அன்றோ நாம் ஐவரும் உப்பையேனும் அறிந்தோம் என்றார் ஆங்கில இலக்கிய மாணவர். இவ்விடையே எமக்கு உகந்தது. எனினும் யாம் ஒரு நிபந்தனை விதித்தோம். வட்டிற் பார்க்கலாம், ஆனால் இடையில் நிறுத்தலாகாது. தம் 'மல்ஹாலண்ட் டிரைவ்' படத்தின் டிவிடியில் லிஞ்ச் காட்சிப் பிரிவுகளே வைக்கவில்லை. விரும்பிய இடத்திற்குத் தாவுவதை அவர் விரும்பவில்லை என்று சான்றும் காட்டினோம். நிறுத்தும் பொத்தானைத் தொடுபவன் ரசிகனே அல்லன் என்றும் சற்று உரக்கவே சொல்லிவிட்டோம்.

எம்மை இன்னும் உறுத்தியது வேறொன்று. தமிழ் பயில்வோர் உரையின்றி ஒரு நூலையும் தொடார். பரிமேலழகர் கைப்பிடித்து அழைத்துச் செல்லாவிடின் குறட்பாவிலும் எமக்குக் கால் இடறும். லிஞ்சோ தம் படங்களுக்கு உரை கூற ஒருபோதும் இசையவில்லை. படத்தில் வரும் குழந்தையை எதனால் செய்தார் என்பதையும் கூறவில்லை. படம் தமக்கே விளங்காது தவித்த காலத்தில் வேதாகமத்தை எடுத்து வாசித்ததாகவும், ஒரு வாக்கியம் கண்டவுடன் அனைத்தும் தெளிந்து அதனை மூடியதாகவும் 2006இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அவ்வாக்கியம் யாது? சொல்லவில்லை, 2025 சனவரியில் அவர் மறைந்தபோது அஃதும் உடன் சென்றது. ஆதியாகமம் என்றார் எம்முள் ஒருவர். யோபு என்றார் மற்றொருவர். ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டிக்குப் பரிசு பெற்ற எமக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

இருளில் ஒருமுறை பார்த்துத் தீர்வோம் என்றே அவ்வட்டினை ஊருக்குக் கொண்டு சென்றோம். தாயார் உறங்கிய பின், கூடத்துத் தொலைக்காட்சியின் ஒளியை இயக்குநர் விரும்பியவாறு குறைத்து, விளக்கணைத்து அமர்ந்தோம். கதை சிறிது. புகையும் இயந்திரமும் சூழ்ந்த நகரில் வாழும் அச்சகத் தொழிலாளி ஹென்றி. அவனுக்கும் மேரிக்கும் குறைமாதத்தில் ஒரு பிள்ளை. துணிச்சுற்றுக்குள் கிடக்கும் அது மனித வடிவாயில்லை. ஓயாது அழுகிறது. மேரி பொறுக்கமாட்டாமல் தாய்வீடு செல்கிறாள். ஹென்றி தனியே அதனோடு இருக்கிறான். படம் நெடுகிலும் ஓர் இயந்திர முழக்கம். ஆலன் ஸ்ப்ளெட் என்பவரும் லிஞ்சும் சேர்ந்து படைத்த ஒலி அது.

அம்முழக்கமே எம் தந்தையாரை எழுப்பிவிட்டது. "மோட்டாரை நிறுத்தவில்லையா?" என்று கேட்டுக்கொண்டே கூடத்திற்கு வந்தார். நூற்பாலையில் முப்பதாண்டு உழைத்தவர். சற்று நின்று கேட்டு, "மில் சத்தம்" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். எமக்கு உள்ளூர நடுக்கம். தந்தையோடிருந்து காணத்தக்க படம் அன்று அது. ஆயினும் எழுந்து நிறுத்தினோமில்லை. விதித்த நிபந்தனை எம்மையே கட்டியது.

திரையில் பிள்ளைக்கு நோய் கண்டது. முகமெல்லாம் கொப்புளம். ஹென்றி நீராவிக் கருவியை அருகில் வைத்து, என் செய்வதென்றறியாது உட்கார்ந்திருந்தான்.

"இவனும் பயப்படுகிறான், பார்" என்றார் தந்தையார்.

யாம் எட்டாம் மாதத்தில் பிறந்தவர். பதினொரு நாள் இங்குபேட்டர் என்னும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தோம். அந்நாட்களில் மில்லில் விடுப்புக் கிடைக்காமையால் தந்தையார் பார்க்க வரவில்லை என்பது எம் வீட்டில் பன்முறை சொல்லப்பட்ட கதை. சிறுவயதில் அதற்காக அந்த மில்லை வெறுத்ததும் உண்டு.

"லீவு கேட்டவுடனே கொடுத்துவிட்டார்கள்" என்றார், திரையிலிருந்து கண்ணெடாமல். "பதினொரு நாளும் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தேன். உள்ளே வரத்தான் தைரியம் இல்லை. ஒரு சாண்தான் இருக்கிறாய் என்றார்கள். டீக்கடையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுவேன்."

யாம் ஒன்றும் கூறவில்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது. இறுதியில் ஹென்றி கத்தரிக்கோலைக் கையிலெடுத்து அத்துணிச்சுற்றை வெட்டுவான் என்பதும், அதன்பின் நிகழ்வதும் எமக்குத் தெரியும், தந்தையாருக்குத் தெரியாது. பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டோம்.

"ஏன் நிறுத்தினாய்?"

"நேரமாகிவிட்டது, அப்பா."

"அந்தப் பிள்ளை என்ன ஆகிறது?"

"அதை இயக்குநர் சொல்லவில்லை, அப்பா" என்றோம்.

அவர் சிறிது நேரம் இருண்ட திரையையே நோக்கியிருந்தார். பின்னர் எழுந்து, மோட்டார் உண்மையிலேயே நின்றிருக்கிறதா என்று பின்கட்டிற் சென்று பார்த்துவிட்டுப் படுத்தார். மறுநாட்காலை இதனைத் தாயாரிடமும் தாமே சொல்லிவிட்டார். தாயாரோ, வாசலில் இவர் வந்து நின்று திரும்பியதைச் சன்னலிலிருந்து நாள்தோறும் தாம் கண்டதாகக் கூறி, தோசை வார்க்கச் சென்றார். இவற்றை எழுத இருவரும் இசைவு தந்தனர்.

வட்டினை ஒரு கீறலுமின்றித் திருப்பிக் கொடுத்தோம். இருளில் முழுதும் பார்த்தீரா என்று தோழர் வினவியபோது, ஆம் என்றோம். அஃது உண்மையன்று என்பதை அவர் இவ்விதழிற் கண்டுகொள்வார்.