நுவரெலியாவில் ஒரு தந்தையும் மகளும்

நுவரெலியாவுக்குச் செல்வோர் கிரெகரி வாவியிற் படகேறுவர். ஹக்கலைப் பூங்காவில் மலர் பார்ப்பர். குளிர் தாளாது இறங்கிவிடுவர். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட அம்மலையூரில், 1931ஆம் ஆண்டு இரு வாரந் தங்கிய சிறு குடும்பமொன்றை நினைப்பவர் சிலரே.

அவ்வாண்டு சனவரி 26இல் ஜவாஹர்லால் நேரு சிறையினின்றும் வெளிவந்தார். பதினொரு நாளில் தந்தை மோதிலால் மறைந்தார். வைத்தியர்கள் ஓய்வை வற்புறுத்தவே, ஏப்பிரலில் மனைவி கமலாவுடனும் மகள் இந்திராவுடனும் இலங்கைக்குக் கப்பலேறினார். மகளுக்கு வயது 13. முந்திய ஒக்டோபரில் எட்டு நாள் மாத்திரமே வெளியிலிருந்து மறுபடியுஞ் சிறை புகுந்த அவர், நைனிச் சிறையிலிருந்து உலக வரலாற்றை அவளுக்குக் கடிதங்களாக எழுதத் தொடங்கியிருந்தார். எகிப்தையுங் கிரேக்கத்தையும் எழுத்தில் அறிமுகஞ் செய்தல் எளிது. உணவு மேசையில் எதிரெதிரே அமர்ந்து என்ன பேசுவதென்று தேடுதல் அத்துணை எளிதன்று. அந்த வயதிற் பிள்ளைகள் ஆறு மாதத்தில் வேறாளாகிவிடுகிறார்கள். ஆண்டுதோறும் வகுப்பறையில் நான் காண்பது இது.

மலையிலேனுந் தனிமை வாய்த்ததோ? இல்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பல கல் தொலைவு நடந்து நாள்தோறும் வந்தனர். காட்டுப் பூக்கள், காய்கறி, வீட்டிற் கடைந்த வெண்ணெய் ஆகியவற்றைத் தம் வறுமையிலிருந்து எடுத்துக் கொணர்ந்தனர். ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்கவில்லை. முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டனர். வீடு நிறைந்த அப்பொருள்களை வைத்தியசாலைக்கும் அநாதை விடுதிகளுக்கும் அனுப்பியதாக நேரு தம் சுயசரிதையிற் கூறுகிறார். அப்பா ஏன் வீட்டில் இருப்பதில்லை என்ற கேள்விக்கு, கடிதங்கள் தராத விடையை அந்த வாசற்படி அவளுக்குத் தந்திருக்கும் என்றே எண்ணுகிறேன். (அம்மக்கள் 1948இற் குடியுரிமை இழந்ததும், அவர்கள் பொருட்டு 1954இற் பிரதமர் நேருவே கொத்தலாவலையுடன் ஒப்பந்தஞ் செய்ய நேர்ந்ததும் வேறு கதை.)

பின்னர் அநுராதபுரஞ் சென்றனர். நுவரெலியாவிலிருந்து கண்டி, மாத்தளை, தம்புள்ளை வழியாக நாமும் செல்லலாம். மகாமேவுனா பூங்காவில் வீற்றிருக்குஞ் சமாதிப் புத்தரை அவசரமின்றிக் காணவேண்டும். மும்முறை சுற்றிவந்து பார்த்தாலும் மிகையன்று. அவ்வமைதி நேருவின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

டிசெம்பர் 26இல் மீண்டுங் கைதானார். 1932 மார்ச்சிற் கடிதங்களை மறுபடி தொடங்கியவர், மகளோடு கழித்த அவ்விடுமுறையை நினைவுகூர்ந்து எழுதினார். அக்கடிதத்தொடர் 1933 ஓகஸ்ட் வரை நீண்டது. டேராடூன் சிறையறையில், இலங்கை நண்பரொருவர் அனுப்பிய சமாதிப் புத்தரின் படம் அவருடைய சிறு மேசைமீது இருந்தது.