நிலவில் கேட்ட பாங்கு

சந்திர மண்டலத்தில் முதன்முதல் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே இனியதோர் ஓசையைக் கேட்டாராம். பல்லாண்டு கழித்துக் கெய்ரோ நகரில் பாங்கொலி காதில் விழவே, தாம் அங்குக் கேட்டது இதுவன்றோ என்று வியந்து கலிமாச் சொன்னாராம். இக்கதையைக் கேளாத தமிழ் முஸ்லிம் இல்லம் இருக்குமென்று நாம் எண்ணவில்லை. நாம் மத்ரசாவில் ஓதிய நாட்களில் மீலாது மேடைகளில் இது முழங்கிற்று. இன்று கைப்பேசியில் வலம் வருகிறது.

அண்மையில் இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் இது மீண்டும் பேச்சாயிற்று. சிறு வயதில் நம்மிடம் ஓதி, இப்போது பொறியியல் பயிலும் இளைஞர் ஒருவர், "நிலவில் காற்றே இல்லையே, ஹஜ்ரத்! ஒலி எப்படிப் பரவும்?" என்றார். மூத்த காக்கா ஒருவருக்குச் சினம் மூண்டது. "அல்லாஹ் நாடினால் காற்றில்லாமலும் கேட்க வைப்பான், தம்பி. படிப்பு ஏறியதும் ஈமான் இறங்கிவிட்டதோ?" என்றார். இளைஞர் அடங்கிப் போனார். ஆனால் வீடு திரும்பும் வழியில் அவர் தணிந்த குரலில் கேட்டதுதான் அன்றிரவு நம் உறக்கத்தைப் போக்கிற்று: "இது பொய்யென்றால், இதே மேடையில் நான் கேட்ட மற்றவை?"

காக்கா சொன்னதில் பாதி உண்மை. இறைவனின் ஆற்றலுக்குக் காற்றின் துணை வேண்டுவதில்லை. எனினும் அகீதா நூல்களைப் புரட்டிய எந்த மாணவனும் அறிவான்: நிகழக் கூடியது வேறு, நிகழ்ந்தது வேறு. முன்னதற்குப் பகுத்தறிவு போதும். பின்னதற்குச் செய்தி வேண்டும். செய்திக்கு நம்பகமான அறிவிப்பாளர் வேண்டும். ஒரே ஒரு ஹதீஸுக்காக ஊர் ஊராக நடந்த இமாம்களின் வழிவந்தவர்கள் நாம். இக்கதைக்கு அறிவிப்பாளர் யார்? சம்பந்தப்பட்டவரோ மறுத்துவிட்டார். முஸ்லிம் நாடுகளிலிருந்து அவருக்கு விசாரிப்புகளும் அழைப்புகளும் வந்தவண்ணம் இருக்கவே, 1983 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறை அந்நாடுகளிலிருந்த தன் தூதரகங்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. அவர் இஸ்லாத்தைத் தழுவவில்லை, எச்சமயத்தையும் அவமதிக்கும் எண்ணமும் அவருக்கில்லை என்பது அதன் சாரம். அவர் 2012-இல் காலமானார்.

அச்சுற்றறிக்கையே வல்லரசின் சூழ்ச்சி என்போரும் உண்டு. வேடிக்கை யாதெனில், அமெரிக்கர் நிலவுக்குப் போகவே இல்லை, எல்லாம் படப்பிடிப்பு என்று வாதிப்போரும் சில வேளை அவர்களே! போகாதவர் எங்ஙனம் பாங்கு கேட்டார் என்று நாம் வினவப் புகுந்தால் தேநீர் ஆறிவிடும்.

நம்மவரிடத்தில் மட்டுமன்று இப்பூசல். 1968 டிசம்பரில் நிலவைச் சுற்றிய அப்போலோ 8 வீரர்கள் பைபிளின் தொடக்கத்தைப் படித்து ஒலிபரப்ப, நாத்திகப் பெண்மணி ஒருவர் வழக்குத் தொடுத்தார். அதனால் மறு ஆண்டு நிலவில் இறங்கிய ஆல்ட்ரின் தம் சமயச் சடங்கை ஒலிபரப்பாமல் ஓசையின்றி முடித்துக்கொண்டார்.

கற்பனைக்கு நாம் பகைவரல்லோம். 1865-இல் ஜூல்ஸ் வெர்ன் நிலவுப் பயணத்தைக் கதையாக்கினார். அதற்கு ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகட்கு முன்பே இப்னு துஃபைல், தனித்தீவில் மான் வளர்த்த குழந்தையொன்று தன் ஆராய்ச்சியாலேயே இறைவனை அறிவதாக 'ஹய்யிப்னு யக்ளான்' இயற்றினார். இருவரும் கதையைக் கதையென்றே தந்தார்கள்.

நபிபெருமானார் (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்றாஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. குழந்தையின் பிரிவுக்காகவே வானம் இருண்டதென்று மதீனத்து மக்கள் பேசினர். கண்ணீர் காயாத தந்தை. அவர்களுக்கே பெருமை சேர்க்கும் பேச்சு. வாய் திறவாதிருந்தாலே அது நிலைத்திருக்கும். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று பெருமானார் வெளிப்படையாக அறிவித்தார்கள்.

இதனை இளைஞரிடம் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, அந்த ஹதீஸ் எந்த நூலில் உள்ளதென்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ஜும்ஆவுக்குப் பின் காக்காவிடமும் சொன்னோம். அவர் மறுக்கவில்லை, ஏற்கவுமில்லை. "நல்ல கதையாச்சே, ஹஜ்ரத்" என்று பெருமூச்செறிந்தார்.

விண்வெளி மெய்யாகவே நம்மிடம் கேட்கும் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. 2007 அக்டோபரில், ரமலானின் இறுதி நாட்களில், மலேசியாவின் ஷேக் முஸாபர் பன்னாட்டு விண்வெளி நிலையம் சென்றார். 90 நிமிடங்களுக்கொருமுறை பூமியைச் சுற்றும் அந்நிலையத்தில் நாளொன்றுக்குக் கதிரவன் 16 முறை உதிக்கும். அப்படியாயின் 80 வக்துத் தொழுவதா? மலேசிய ஆலிம்கள் கூடி, புறப்பட்ட இடத்தின் நேரப்படி 24 மணிக்கு ஐந்து வக்து என வகுத்தனர். கிப்லாவுக்கு இயன்றவரை கஅபாவை நோக்குக, இயலாவிடில் பூமியை நோக்குக என்றனர். தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஓராண்டாக நீளும்போது நேரத்தைக் கணித்துத் தொழவேண்டுமென்ற நபிமொழி, இரவு பகல் முறை மாறிய இடங்களுக்கு ஃபுகஹாக்கள் நெடுநாளாகக் கையாளும் ஆதாரம்.

இதை வகுப்பில் விளக்கியபோது ஒரு சிறுவன் எழுந்து, நிலவிலேயே குடியிருப்பவன் நோன்பு வைக்க எந்தப் பிறையைப் பார்ப்பான் என்று கேட்டான். பூமியில் நின்று பிறை பார்த்தே நம்மூரில் இரண்டு பெருநாள் வருகிறது! மறுநாள் வரை அவகாசம் கேட்டிருக்கிறோம்.