கண் மஞ்சளானபோது

என் அண்ணனின் கண்கள் மஞ்சளானபோது எங்கள் லயத்தில் யாரும் பயப்படவில்லை. "காமாலைதான். கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுங்கள்" என்றார்கள். அம்மாவும் கொடுத்தார். மூன்று வாரம் உப்பில்லாப் பத்தியம். வலி ஒன்றும் இல்லாததால் அண்ணன் தினமும் மலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

ஆனால் உடம்பெல்லாம் அரிப்பு. ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். சிறுநீர் தேயிலைச் சாயம்போல இருந்தது. மலம் வெளுத்துக் களிமண்போலப் போயிற்று. இதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். அண்ணிதான் என்னிடம் சொல்லி அழுதார். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்து ஈப்போவுக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய்க் கட்டி!

கணையம் என்ற பெயரையே அன்றுதான் நாங்கள் கேட்டோம். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் ஒளிந்து கிடக்கும் உறுப்பு அது. பித்தநீர் குடலுக்கு இறங்கும் குழாய் அதன் தலைக்குள் புகுந்துதான் போகிறது. கட்டி அந்தக் குழாயை நெரித்தால் பித்தம் தேங்கி, இரத்தத்தில் ஏறிக் கண்ணை மஞ்சளாக்கிவிடும். அடைபட்ட குழாயைக் கீழாநெல்லி எப்படித் திறக்கும்? "மூன்று வாரம் வீணாக்கிவிட்டோமா?" என்று கேட்டேன். டாக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்; பதில் சொல்லவில்லை.

அண்ணிக்கு யாரோ ஒரு செய்தி சொல்லியிருந்தார்கள். "ஜப்பானில் வயிற்றைத் திறந்து வைத்தபடியே கரண்ட் வைக்கிறார்களாமே?" என்று கேட்டே விட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. உண்மைதான் என்றார். 1960களில் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் மித்சுயுகி அபே வளர்த்த முறையாம். பின்னர் அமெரிக்காவில், பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலும் கணையப் புற்றுக்கு இதைச் செய்தார்கள்.

வெளியிலிருந்து கதிர் பாய்ச்சுவதானால் தினம் கொஞ்சமாக ஐந்தாறு வாரம் ஆகும். குடலும் இரைப்பையும் பக்கத்திலேயே இருப்பதால், அளவைக் கூட்டினால் அவை வெந்துவிடும். ஆபரேஷன் மேசையிலோ குடலை ஒதுக்கிவிட்டு, ஒரு குழாயை நேரே அந்த இடத்தில் வைத்து, சில நிமிடங்களில் ஒரே தடவையாக அதிகக் கதிரைப் பாய்ச்சிவிடலாம். மருந்தடிக்கும் வேலை பார்த்த எனக்கு இது சட்டென்று புரிந்தது. தேயிலைக் கிளையை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு அடியிலிருக்கும் களைக்கு மட்டும் அடிப்போமே, அதேதான்.

"இவருக்கும் செய்யக் கூடாதா?" என்றார் அண்ணி. பெரிய இரத்தக் குழாயைப் பற்றிக்கொண்ட கட்டிகளுக்குத்தான் பெரும்பாலும் அதை யோசிப்பார்கள் என்றார் டாக்டர். அந்த இடத்தில் மறுபடி முளைப்பதை அது தடுக்கலாம்; கல்லீரலுக்குப் பரவிவிட்டதை அதனால் பிடிக்க முடியாது. ஆயுளைக் கூட்டும் என்றும் உறுதியாக நிரூபணமாகவில்லை. "இவருக்குக் கட்டியை வெட்டி எடுக்க முடியும் அம்மா. பலருக்கு அதுவே முடிவதில்லை."

ஏழு மணி நேர ஆபரேஷன். பிறகு ஆறு மாதம் சிம்பாங் பூலாய் பாதையில் இறங்கிப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தோம். ஒவ்வொரு வளைவிலும் வாந்தி.

இப்போது சாப்பாட்டோடு மாத்திரை போட்டுக்கொள்கிறார். அடுத்த மாதம் மறுபடி ஸ்கேன். கடைக்குப் போனால் எதிரே வருகிறவர்களின் கண்களைத்தான் முதலில் பார்க்கிறார். போன வாரம் பக்கத்து லயத்துப் பெரியவரை வெளிச்சத்துக்கு இழுத்து, "மாமா, கண்ணைக் காட்டுங்க" என்றார். அவருக்கு ஒன்றுமில்லை. ராத்திரி தூங்காத சிவப்புதான்.