எறியப்படாத சேறு

பருத்தி ஆலைகளாற் செழித்த மான்செஸ்ரர் நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலே தன் ஆற்றை இழந்திருந்தது. சாயக்கழிவையும் மலக்கழிவையும் ஒருங்கே சுமந்து சென்ற இர்வெல் ஆற்றை ஆறென அழைப்பது மரியாதை கருதியே எனலாம். 1894இல் டேவிஹியூம் என்னுமிடத்திற் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமொன்று திறக்கப்பட்டது. ஆயினும், சுத்திகரிப்பின்போது அடியிற் படிந்த சேற்றை என்செய்வது என்னும் வினா எஞ்சியது. அதனைக் கப்பலில் ஏற்றிக் கடலிற் கொட்டுவதே நகரசபை கண்ட வழியாயிற்று.

இந்நகரசபைக்கு ஆலோசனை கூறிய இரசாயன அறிஞர் கில்பேட் பௌலர். 1912இல் அவர் அமெரிக்காவுக்குச் சென்றபோது, மசச்சூசெற்ஸ் மாநிலத்து லோறன்ஸ் பரிசோதனை நிலையத்திலே கழிவுநீருக்குள் வளியைச் செலுத்தி ஆராய்வதைக் கண்டார். வளி செலுத்துதல் புதிய கருத்தன்று. பலர் முயன்று, பயன் சிறிதெனக் கைவிட்டதே. பௌலர் நாடு திரும்பியதும் எட்வேட் ஆடேண், வில்லியம் லொக்கெற் என்னும் இரு இரசாயனவியலாளரிடம் இவ்வாய்வைத் தொடருமாறு கூறினார்.

அவர்கள் கையாண்ட கருவி கண்ணாடிப் போத்தலே. ஒளி பட்டால் அல்கா வளர்ந்து முடிவைக் குழப்பும் என்பதாற் போத்தல்கள் கபிலநிறத் தாளாற் சுற்றப்பட்டன. முதன்முறை கழிவுநீரின் அமோனியா முற்றாக நைத்திரேற்றாக மாற ஏறக்குறைய ஐந்து வாரங்கள் சென்றன. இந்த வேகத்திலே எந்த நகரமும் தன் கழிவைச் சுத்திகரிக்க இயலாது. முன்னையோர் இக்கட்டத்திற் போத்தலைக் கழுவி மீண்டும் தொடங்கியிருப்பர். இவ்விருவரோ தெளிந்த நீரை மட்டும் வடித்து, படிந்த சேற்றை அப்படியே விட்டு, அதன்மேற் புதிய கழிவுநீரை ஊற்றினர். இவ்வாறு மீண்டும் மீண்டும் செய்யச் சேறு பெருகியது. தேவைப்பட்ட காலம் குறுகியது. ஈற்றில் 24 மணித்தியாலத்துள் அதே வேலை நிறைவேறியது. 1914 ஏப்பிரல் 3ஆந் திகதி மான்செஸ்ரரில் வாசிக்கப்பட்ட கட்டுரையில் இச்சேற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஏவப்பட்ட சேறு’ என்பதாகும்.

சேறு என்னும் சொல் இங்கு மயக்கந் தருவது. அது பற்றீரியாக்களும் அவற்றை மேயும் புரட்டோசோவாக்களும் கூடி வாழும் திரள். அமோனியாவை ஒட்சியேற்றும் பற்றீரியாக்கள் மிக மெதுவாகவே பெருகுவன. நீருடன் அவையும் வெளியேறின், ஒவ்வொரு முறையும் வெறுங்கையுடனேயே தொடங்க நேரும். மேலும், வடித்தலே ஒரு தெரிவாகவும் அமைந்தது: திரண்டு கீழே படியும் நுண்ணங்கி தங்கியது, தனித்து மிதந்தது வெளியேறியது. இரசாயனவியலாளர் இருவர் தம்மையறியாமலே நுண்ணங்கிகளுக்கு வேளாண்மை செய்தனர். பிற்காலத்தில் நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகரில் மார்க் வான் லூஸ்ட்றெக்ற் குழுவினர், விரைந்து படியும் மணியுருக்களை மட்டும் தங்கவைத்து உருவாக்கிய முறையும் இதே வித்தின் விளைவேயாகும்.

கட்டுரையின் தலைப்பிற் பௌலரின் பெயர் இல்லை. ஆய்வைத் தூண்டியவர் அவரே என ஆசிரியர் இருவரும் அதிற் கூறியுள்ளனர். மாணவர் உழைப்பின்மேற் பேராசிரியர் பெயர் முதலிடம் பெறும் வழக்கை அறிந்தோருக்கு இது சற்று வியப்பளிக்கலாம். 1916இற் பௌலர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற்குப் பேராசிரியராகச் சென்று, உயிரிரசாயன ஆய்வு அங்கு வேரூன்ற உழைத்தார்.

பெயருக்கு எழாத வழக்குப் பணத்திற்கு எழுந்தது. வளியூட்டும் அமைப்புகளுக்குத் தனியார் நிறுவனமொன்று காப்புரிமை பெற்றிருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் மில்வோக்கி நகரம் இம்முறையிற் பெரியதொரு நிலையத்தை இயக்கியபோது, உரிமை மீறப்பட்டதென வழக்குத் தொடரப்பட்டது. உரிமை மீறப்பட்டது உண்மையே என்று 1934இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆயின், நிலையத்தை மூடுமாறு பணிக்க மறுத்துவிட்டது. மூடினால் அந்நகரின் கழிவு முழுவதும் சுத்திகரிக்கப்படாது மிச்சிகன் ஏரியிற் கலக்கும். உரிமையாளர் பெறத்தக்கது நட்டஈடே என்பது நீதிமன்றத்தின் முடிபு.